நடுவில் அடுப்பு, எதிரே முகம்

மேசையின் நடுவே ஒரு பள்ளம். அதில் கனன்ற கரி நிறைந்த இரும்புச் சட்டி. அதன்மேல் கம்பி வலை, அல்லது கொழுப்பு வழிந்தோடச் சற்றே சாய்த்து வைத்த வார்ப்பிரும்புக் கல். கூரையிலிருந்து ஒரு புகைக்குழாய் அடுப்புக்குச் சற்று மேலே வரை இறங்கி நிற்கிறது. சுற்றிலும் கைக்கடக்கமான கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள ஐந்தாறு வகைகள்: புளித்த கிம்ச்சி, எள்ளெண்ணெயில் பிசறிய கீரை, ஊறிய முள்ளங்கி, அவித்த சோயா முளை. இறைச்சி பச்சையாகவே தட்டில் வந்து இறங்கும். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் இடுக்கியால் எடுத்துக் கல்லில் பரப்புவார்; ஒரு பக்கம் நிறம் மாறியதும் திருப்பிப் போட்டு, கத்தரிக்கோலால் வாய்க்கு அளவாக வெட்டுவார். லெட்யூஸ் இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்து, துளி சோயா விழுதைத் தடவி, கறித்துண்டையும் சுட்ட பூண்டுப் பல்லையும் கொஞ்சம் சோற்றையும் வைத்து மடித்து, கடிக்காமல் முழுசாக வாயில் போட்டுக்கொள்வது முறை. இந்த இலைப் பொட்டலத்துக்குக் கொரிய மொழியில் 'ஸ்ஸாம்' என்று பெயர். வெற்றிலையின் முதுகைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, சீவலை வைத்து மடித்துப் பழகிய கும்பகோணத்துக் கைக்கு இந்த வேலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த மேசை தமிழ்நாட்டுக்குக் காரோடு வந்தது. ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இங்கே கால் ஊன்றி, இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-இல் முதல் காரை வெளியே விட்டது. பின்னாலேயே உதிரிபாக நிறுவனங்கள் வந்தன, சாம்சங் வந்தது. கூட வந்த பொறியாளர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் சொந்த ஊர்ச் சாப்பாடு போடத்தான் சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் கொரிய உணவகங்கள் முளைத்தன. வெகுகாலம் அவை அவர்களுக்காக மட்டுமே இருந்தன. தமிழில் பேசும் கொரியத் தொடர்கள் கைப்பேசிக்கு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிம்ச்சி, ராமியோன் என்ற பெயர்கள் தண்ணீர்பட்ட பாடு. அதனால்தான் பெரியவர்கள் பலர் இதைத் தொடர் பார்த்து வந்த மோகம், நாலு மாதத்தில் தணிந்துவிடும் என்று ஒதுக்குகிறார்கள். மோகம் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு பண்டம் எந்த வழியாக வந்தது என்பதைக் கொண்டு அதன் தகுதியை எடைபோட முடியாது. மிளகாய் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. காபியும் கடல் கடந்துதான் வந்தது. இரண்டையும் கழித்துவிட்டால் தஞ்சாவூர்க் காலைநேரமே கிடையாது. கொரிய மேசையை அதன் இறைச்சிக்காக அல்லாமல் அது உட்காரவைக்கும் விதத்துக்காகக் காவிரிப் படுகை கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். அது ஒரு நெல் நாட்டின் சாப்பாடு. நம்மிடம் சிதறிக் கிடக்கும் பல பழக்கங்களை ஒரே இடத்தில் சேர்த்து, நம் பந்தி ஒருநாளும் கேட்காத ஒன்றை அது கேட்கிறது.

நெல் நாடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கொரிய மேசையைப் படத்தில் பார்ப்பவர்களுக்கு அது கறித் திருவிழாவாகத் தெரியும். ஆனால் அந்த நாட்டில் சாதாரணக் குடும்பத்துக்கு இறைச்சி எட்டாக்கனியாக இருந்த காலம்தான் நீளமானது. அங்கே ஆண்ட சோசோன் அரசர்கள் மாடறுப்பதைத் தடுத்துத் திரும்பத் திரும்ப ஆணை போட்டார்கள். உழவுமாடு அடுப்புக்குப் போனால் நடவு நின்றுபோகும் என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. நம் உழவர் வீடுகளில் மாட்டுப் பொங்கலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கும் அதுதான். மேசைமேல் பன்றிக்கறி சுடுவது கொரியத் தெருக்களில் அன்றாட வழக்கமானது 1980-களை ஒட்டித்தான். தொழிற்சாலைக் கூலி உயர்ந்து, கையில் தூக்கிப்போகும் சிறிய கேஸ் அடுப்பும் பரவிய பிறகு. அதற்கு முன்னால் சோறுதான் சாப்பாடு. இறைச்சி என்பது சோற்றுக்கு மணம் சேர்க்கும் கொஞ்சம். இலைப் பொட்டலத்தின் பிறப்பே அந்த நெருக்கடியில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது: விரல்நீளத் துண்டை இலையோடும் விழுதோடும் சோற்றோடும் சேர்த்து ஒரு வாயை நிறைத்துவிடலாம். ஒரு குழம்பு மீன்துண்டை வைத்துக்கொண்டு ஒரு தட்டுச் சோற்றை உள்ளே தள்ளும் வித்தை தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இரு நாடுகளின் நெல் வரலாறும் ஒரே காலத்தில் ஒரே திருப்பத்தைக் கண்டவை. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1965-இல் ஆடுதுறை 27 என்ற குறுவை ரகத்தை வெளியிட்டது. கோயம்புத்தூரில் உருவான ஜி.இ.பி. 24 என்ற நம்மூர் நெல்லையும் நோரின் 10 என்ற ஜப்பானிய நெல்லையும் கலந்து எடுத்த ரகம் அது. தஞ்சை மாவட்டத்தில் அப்போது நடந்துகொண்டிருந்த தீவிர விவசாயத் திட்டத்தின் துணையோடு குறுவை வயல்களை அது நிரப்பியது. சில ஆண்டுகளில் கொரியர்களும் அதே வழியில், வெப்பநாட்டு நெல்லையும் குளிர்நாட்டு நெல்லையும் கலந்து, பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு 'தோங்கில்' என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள். 1977-இல் அரிசியில் தன்னிறைவு அடைந்ததாக அந்நாடு அறிவித்தது. அதற்கு முன்னால் உணவகங்களில் அரிசியே பரிமாறக் கூடாத நாட்களை அவர்களுடைய அரசு விதித்திருந்தது. இங்கேயும் 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஓர் ஆட்சி மாற்றத்துக்கே துணைநின்றது. சோறு கிடைக்குமா என்ற கேள்வியோடு ஒரு தலைமுறை வாழ்ந்த இரண்டு நாடுகள் இவை. அந்தக் கேள்வி தீர்ந்த பிறகுதான் அங்கே மேசை நடுவில் அடுப்பு வந்தது.

தமிழுக்கும் கொரியாவுக்கும் உறவு என்றதும் அப்பா, அம்மா என்ற சொற்களையும், கடல்வழி வந்து கயா நாட்டு அரசனை மணந்ததாக 13-ஆம் நூற்றாண்டு நூலான சம்குக் யூசா சொல்லும் இளவரசியையும் இழுத்துவருவது நம்மிடம் வழக்கம். அந்தச் சொல் ஒற்றுமைகளை மொழியியலாளர்கள் இனத்தொடர்புக்குச் சான்றாக ஏற்பதில்லை. இளவரசி புறப்பட்ட ஊர் எது என்பதிலும் தகராறு இருக்கிறது. இந்த மேசைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. தண்ணீர் நிற்கும் வயல், நாற்று, கதிர், புளிக்கவைத்த தொட்டுக்கொள்ளும் பண்டம் என்று கண்முன்னே இருக்கும் ஒற்றுமைகள் போதும்.

சரி, நம்மிடம் என்னென்ன இருக்கின்றன? அடுப்பு இருக்கிறது. கரிபோட்டு ஊதிக் கனலவைக்கும் குமுட்டி அடுப்பு, கேஸ் வரும்வரை தஞ்சாவூர் வீடுகளில் காபிக்கும் அப்பளம் சுடவும் வேண்டியிருந்தது. தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கொரியர்களின் 'ஹ்வாரோ' என்ற கரிச்சட்டிக்கும் அதற்கும் அதிகத் தூரமில்லை. புளித்த பண்டத்துக்கும் குறைவில்லை: பழைய சோறு, மோர்மிளகாய், உப்பு நாரத்தங்காய், கருவாடு. சுடுவதும் புதிதல்ல. வயல் நண்டை வரப்போரம் தீ மூட்டிச் சுட்டவர்களும், கங்கில் கருவாட்டைப் புரட்டி எடுத்துப் பழையதுக்குத் தொட்டுக்கொண்டவர்களும் இந்த மண்ணில்தான் நடவு நட்டார்கள். கிடாவெட்டு நாளில் கறி குழம்பாவதற்கு முன்னால் ஈரல் துண்டு சுடப்பட்டுப் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். இன்னும் பின்னால் போனால், கரிகாலனைப் பாட முடத்தாமக்கண்ணியார் எழுதிய பொருநராற்றுப்படை இருக்கிறது. அதில் சோழன் தன்னிடம் வந்த கலைஞனை உட்காரவைத்து, அறுகம்புல் மேய்ந்து கொழுத்த ஆட்டின் இறைச்சியை வேகவைத்தும் கம்பியில் கோத்துச் சுட்டும் கொடுக்கிறான். சூடு தாங்காமல் துண்டை வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி விருந்தாளி தின்கிறான். அப்படியே பல நாள் தின்று, கொல்லை உழுத கொழுவைப்போலப் பற்கள் மழுங்கிப்போகின்றன. கறி அலுத்த பிறகு வருவது எது என்பதைக் கவனிக்க வேண்டும்: முனை முறியாத அரிசிச் சோறு. முதலில் சுட்ட கறி, கடைசியில் சோறு என்ற இந்த வரிசையைத்தான் இன்றைய கொரிய உணவகமும் வைத்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் கடற்கரை மக்கள் இறாலைச் சுட்டுத் தின்றதைப் பட்டினப்பாலை சொல்கிறது. தஞ்சை மண் சைவச் சாப்பாட்டு மண், இங்கே சுட்ட கறிக்கு என்ன இடம் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். இன்றைய கணக்கு வேண்டுமானால், 2014-இல் எடுத்த மாதிரிப் பதிவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் புலால் உண்பவர்கள். வாழையிலையில் சாம்பார் ஊற்றிய படம் இந்த வட்டாரத்தின் ஒரு பகுதியைக் காட்டுகிறது. முழு வட்டாரத்தையும் காட்டவில்லை.

இத்தனையும் இருந்தும் ஒன்று இல்லை. எதிரெதிரே உட்காரும் வழக்கம் நம் விருந்தில் இல்லை. பந்தி என்பது வரிசை. வரிசையில் உட்கார்ந்தவருக்கு முன்னால் இருப்பது இலை. இலைக்கு அப்பால் பரிமாறுபவர் நடக்க விட்ட வழி. பேச வேண்டுமானால் பக்கவாட்டில் கழுத்தைத் திருப்ப வேண்டும். பின்னால் அடுத்த பந்திக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பேசவும் தோன்றாது. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்நூறு பேருக்குச் சோறு போட்டுக் கை கழுவ வைக்கும் திறமைக்குப் பந்தியை மிஞ்ச எதுவும் கிடையாது. இலையில் எந்த மூலையில் உப்பு, எந்த மூலையில் இனிப்பு என்பதுவரை அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, அழகும் உண்டு. ஆனால் சமைப்பவர் கொட்டகைக்குப் பின்னால், பரிமாறுபவர் நின்றபடி, சாப்பிடுபவர் உட்கார்ந்தபடி என மூவரையும் மூன்றாகப் பிரித்து வைத்துத்தான் அது நடக்கிறது. அந்தப் பிரிவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. யார் சமைத்ததை யார் தொடலாம், யார் பார்க்க யார் சாப்பிடலாம் என்று சாதி வகுத்த எல்லைகள் பந்தியின் வரிசைகளில் உட்கார்ந்திருந்தன. தென்னிந்திய ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்கென்று தனி இடம் ஒதுக்குவது 1941-இல்தான் நின்றது. சமபந்தி போஜனம் என்று தனியாகப் பெயர் வைத்து ஒரு விருந்தை நடத்த வேண்டியிருந்தது என்றால், மற்ற பந்திகள் எப்படி இருந்தன என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் வந்தால் பிரிவு வேறு உருவம் எடுக்கிறது. இரவு தோசை வார்க்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். கல்லுக்கு முன்னால் நிற்பவர் ஒருவர், பெரும்பாலும் பெண். கூடத்திலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் கேட்க, சூடாக ஒவ்வொன்றாகப் போகிறது. எல்லோரும் கைகழுவிய பிறகு, கடைசி மாவை ஊற்றி எடுத்த இரண்டை அவர் அடுக்களையிலேயே நின்றுகொண்டு தின்று முடிக்கிறார். அந்தத் தோசை ஆறிப்போயிருக்கும், பேச்சுத்துணையும் இருக்காது. நம் சமையலின் சிறப்பே சூடாகக் கல்லிலிருந்து எடுத்துப் போடுவதில் இருக்கும்போது, அந்தச் சூடு சமைத்தவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. அடுப்பை உண்ணும் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டால் இந்தச் சிக்கல் பாதி அவிழ்ந்துவிடும். கொரிய மேசையில் இடுக்கி பிடிப்பவரும் உட்கார்ந்துதான் இருக்கிறார்; அவர் வாய்க்கும் சூடான துண்டு போகிறது. கைவிடாமல் சுட்டுக்கொண்டிருப்பவருக்கு எதிரில் இருப்பவர் ஓர் இலையை மடித்து நேரே வாயில் ஊட்டிவிடுவதும் அங்கே சகஜம். சமைப்பதும் உண்பதும் உபசரிப்பதும் ஒரே ஆட்களிடையே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இந்த மேசை நம்மிடம் கேட்பது அதைத்தான்.

ஒரே தட்டில் பலர் கைவைப்பது எச்சில் இல்லையா என்பது இங்கே முதலில் எழும் மறுப்பு. எச்சில் என்ற எண்ணத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. வெப்பம் மிகுந்த நாட்டில் நோய் தடுக்கும் நியாயமும் அதில் உண்டு. தம்ளரை அண்ணாந்து குடிக்கும் பழக்கம் எத்தனையோ தொற்றைத் தடுத்திருக்கும். ஆனால் படுகை முழுவதும் ஒரே வழக்கம்தான் என்று எண்ணுவது தவறு. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போனவர்களுக்குச் சஹன் தெரியும். பெரிய வட்டத்தட்டு ஒன்று, அதைச் சுற்றி மூன்று நான்கு பேர், நடுவில் சோறும் கறியும். தன் பக்கத்துச் சோற்றைத்தான் எடுக்க வேண்டும், நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ள வேண்டும் என்பது அதன் எழுதாத சட்டம். ஆகவே வட்டமாக உட்கார்ந்து பகிர்ந்துண்பது காவிரிக் கடைமடைக்குப் புதிதே அல்ல. அதே படுகையில் அடுத்த தெருவில் நடந்துவருவதை மற்றவர்கள் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். கொரிய மேசையில் எச்சிலுக்கு வேலையே குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். கல்லில் கிடப்பதை இடுக்கிதான் தொடுகிறது. பொட்டலம் முழுசாக வாய்க்குப் போவதால் கடித்து வைத்த மிச்சம் என்று ஒன்று இருப்பதில்லை. தொடுகறிக் கிண்ணங்களுக்கு ஆளுக்கொரு கரண்டி வேண்டாம், கிண்ணத்துக்கொரு கரண்டி போதும்.

இன்னொரு மறுப்பு கனமானது. கொரிய மேசை சமத்துவ மேசை என்று கொண்டாடுவது உண்மையா? இல்லை. மூத்தவர் கரண்டியைத் தொடும்வரை இளையவர் காத்திருப்பது அங்கே பழைய மரபு. அலுவலக விருந்துகளில் வயதில் இளையவர்தான் பெரும்பாலும் கறி சுட்டுக்கொடுக்க வேண்டும். மேலதிகாரிக்கு இரண்டு கையாலும் கோப்பையை நீட்ட வேண்டும். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறப்போடும் முதுகொடிக்கும் வேலை தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. இறைச்சி வெட்டியவர்களின் கதை இன்னும் கசப்பானது. பேக்சோங் என்று அழைக்கப்பட்ட கசாப்புத் தொழிலாளர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வாழ்ந்தார்கள். உடையிலும் கல்யாணத்திலும் அவர்களுக்குத் தடைகள் இருந்தன. 1894 சீர்திருத்தம் அந்த நிலையைச் சட்டத்தில் ஒழித்தது, வழக்கத்தில் ஒழிக்கவில்லை. 1923-இல் சின்சு நகரத்தில் அவர்கள் தங்களுக்கென்று ஓர் இயக்கம் தொடங்கி அதற்கு 'ஹியோங்பியோங்' என்று பெயர் வைத்தார்கள். கசாப்புக்கடைத் தராசைப்போலச் சமனாக நிற்பது என்பது அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். இங்கே சுயமரியாதை இயக்கம் தொடங்கியது 1925-இல். இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே வேளையில், தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் ஒரே கோரிக்கையை வைத்தார்கள். இன்று அந்த நாட்டில் எந்தத் தெருமுனையிலும் இருக்கும் சாதாரண உணவகம் கறி சுடும் கடைதான். கறியை அழகாக வெட்டத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு. மேசையே சமத்துவத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. சமத்துவத்துக்காகப் போராடியவர்கள் இருந்தார்கள், தொழில்கள் பெருகின, ஊர்கள் நகரங்களாயின. மேசை அந்த மாற்றத்துக்கு உட்கார ஓர் இடம் கொடுத்தது. கறி சுடும் வாசனையைச் சாதியின் அடையாளமாக்கி முகஞ்சுளித்த கதை இங்கேயும் நிறைய. அந்த வாசனை நடுத்தெருவில், நடுமேசையில், எல்லோர் சட்டையிலும் ஒட்டிக்கொள்வது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

காசு கொடுத்துவிட்டு நாமே சமைப்பதா என்ற கேள்விக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. இடுக்கி பிடிப்பது வேலையில் சேராது. விரும்பாதவருக்குச் சுட்டுக்கொடுக்கக் கடைக்காரர்களே ஆள் வைத்திருப்பார்கள். அதைவிட முக்கியமானது, பச்சைக் கறி கண்ணெதிரே வருவது. மாலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரில் எந்தச் சாலையில் நடந்தாலும் கிரில் சிக்கன் சுழல்வதைப் பார்க்கலாம். காலையில் அந்தக் கோழி எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தபின் மாநிலம் முழுவதும் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனைக்கு இறங்கியது. மேசையில் பச்சையாக வைக்கப்படும் கறியில் நிறத்தையும் நாற்றத்தையும் மசாலாவால் மறைப்பது கடினம். ஆனால் பொறுப்பில் ஒரு பங்கு வாடிக்கையாளர் கைக்கு வந்துவிடுகிறது. பச்சைக்கு ஓர் இடுக்கி, வெந்ததற்கு வேறு இடுக்கி. கோழி உள்ளே துளியும் இளஞ்சிவப்பு இல்லாமல் வேக வேண்டும். இவ்வளவும் கற்றுக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். கடைக்காரர் அந்த ஐந்து நிமிஷத்தை ஒதுக்க வேண்டும்.

புகை விஷயத்தில் மறுப்பாளர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கொழுப்பு கங்கில் சொட்டி எழும் புகையிலும், கருகிய விளிம்பிலும் புற்றுநோயோடு தொடர்புள்ள வேதிப்பொருட்கள் உண்டாகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சிவப்பிறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. தினமும் தின்ன வேண்டிய சாப்பாடு இதில்லை. மாதத்தில் ஒரு நாள், கருகியதைக் கத்தரித்து எறிந்துவிட்டு, இலையும் காயும் கூடச் சேர்த்து என்றால் அச்சம் குறைவு. அதைவிடப் பெரிய ஆபத்து மூடிய குளிர்சாதன அறையில் கரியடுப்பு வைப்பது. கரி வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். புகைக்குழாய் போட முதல் இல்லாதவர்கள் கூடத்தில் இதைச் செய்யவே கூடாது. திறந்த முற்றம், கீற்றுக்கொட்டகை, மொட்டைமாடி என்று காற்றோட்டமான இடம் நம்மூரில் தாராளம். நம் தட்பவெப்பத்துக்கு இரவு எட்டு மணி மாடியைவிடப் பொருத்தமான இடம் வேறு எது? கார்த்திகை மார்கழியில் பனி இறங்கும்போது அந்தக் கங்கின் சூடு ஒரு சுகமும்கூட.

அப்படி ஒரு கடை தஞ்சை மேலவீதியிலோ கும்பகோணத்திலோ வருமானால் அது கொரியாவின் நகலாக இருக்கத் தேவையில்லை. அங்கே அதிகம் சுடுவது மூன்று அடுக்குப் பன்றிக்கறி; இங்கே பலர் அதைத் தொடமாட்டார்கள், மாட்டுக்கறிக்கும் சிலர் வரமாட்டார்கள். கோழி, முத்துப்பேட்டைப் பக்கத்து இறால், கணவாய், வெள்ளாட்டுக்கறி போதும். சைவக்காரருக்குக் காளான், வெங்காயம், சேனைக்கிழங்கு. ஆட்டுக்கறியில் ஒரு தொல்லை உண்டு: மேய்ந்து திரிந்த வெள்ளாட்டின் தசை இறுகியது, மெல்லிய தீயில் சட்டென்று வேகாது. தசைநாருக்குக் குறுக்கே தாள்மாதிரி சீவ வேண்டும். கொரியர்கள் பேரிக்காயை அரைத்துப் பிசறி இறைச்சியை மிருதுவாக்குகிறார்கள். அந்த வேலையை நம் கறிக்காரர்கள் வெகுகாலமாகப் பப்பாளிக்காயை வைத்துச் செய்கிறார்கள். இரண்டிலும் புரதத்தை உடைக்கும் நொதி இருப்பதுதான் சங்கதி. அவர்களுடைய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, கருகல் மணம் கொண்டது. நம் நல்லெண்ணெயில் உப்பும் மிளகுத்தூளும் குழைத்துத் தொட்டால் சுவை வேறு, குறைவில்லை. லெட்யூஸ் கிடைக்காத நாளில் கொழுந்து வெற்றிலையைச் சோதித்துப் பார்க்கலாம். வியட்நாமில் வெற்றிலையின் உறவான ஓர் இலையில் இறைச்சியைச் சுருட்டிச் சுடுகிறார்கள். வெற்றிலையின் காரம் கறிக்கு ஒத்துப்போகும். அரிசிதான் கவனிக்க வேண்டியது. பொன்னியைப் புழுங்கலாக உதிரியாக வடித்தால் இலையில் நிற்காது. சி.ஆர். 1009 போன்ற குண்டு ரகத்தைக் கொஞ்சம் குழைய வேகவைத்தால் உருண்டை பிடிக்கும். இந்த அரிசிக்கு இட்லிமாவைத் தாண்டி ஒரு தேவை பிறந்தால் சம்பா போடுகிறவருக்கும் நல்லது.

விலையிலும் அளவிலும்கூட நகல் வேண்டாம். கொரியாவில் ஆளுக்கு நூற்றைம்பதிலிருந்து இருநூறு கிராம் கறி ஒரு பங்கு. பல கடைகளில் இரண்டு பங்குக்குக் குறைவாகக் கேட்டால் அடுப்பே மூட்டமாட்டார்கள். தனியாளாகப் போகிறவருக்கு அது சங்கடம். இங்கே அந்தக் கட்டாயம் வேண்டாம். நாலு பேர் நடுவில் அரைக்கிலோ கறியும் வயிறு நிறையச் சோறும் வைக்கும் கடைக்குத்தான் இந்த ஊரில் கூட்டம் நிற்கும். கொரியாவில் நடந்தது எச்சரிக்கையாகவும் கண்முன் இருக்கிறது. 1970-இல் அந்த நாட்டில் ஓர் ஆள் ஆண்டுக்கு 136 கிலோ அரிசி உண்டார். 2023-இல் அது 56 கிலோவாக இறங்கிவிட்டது. கறி பெருகிச் சோறு சுருங்கிய இந்த நிலையை அங்குள்ள நெல் விவசாயிகள் பெரிய இடியாகவே பார்க்கிறார்கள். மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று ஜூன் 12-ஐ எதிர்பார்த்திருக்கும் படுகை அந்தப் பாதையில் போகக் கூடாது. ஆனால் சோற்றை விரட்டியது மேசை அல்ல. ரொட்டியும் நூடுல்ஸும் அவசர வாழ்க்கையும் சேர்ந்து செய்த வேலை அது. மேசை இன்னமும் சோற்றோடுதான் முடிகிறது.

முடிவது இப்படி. கறி தீர்ந்ததும் கரியைத் தணித்து, கல்லில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் மசாலாவையும் துடைக்காமல் விட்டுவிடுவார்கள். மிச்சமிருக்கும் கிம்ச்சியை நறுக்கி அதில் போட்டு, சோற்றைக் கொட்டி, மிளகாய் விழுதோடு பிரட்டி, கரண்டியின் முதுகால் கல் முழுக்கத் தட்டிப் பரப்புவார்கள். அதன்பிறகு யாரும் கிளறுவதில்லை. அடியில் காந்தல் பிடிக்கட்டும் என்று விட்டு, அதுவரை பேசிக்கொண்டிருப்பார்கள். கொரியர்கள் அந்தக் காந்தலுக்கு 'நுருங்ஜி' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். பொன்னிறத்தில் மொறுமொறுவென்று அது கல்லைவிட்டுப் பிரிந்து வரும்போது, தட்டு எதுவும் இல்லாமல், நாலு பக்கத்திலிருந்தும் நாலு கரண்டிகள் ஒரே நேரத்தில் சுரண்டத் தொடங்கும்.